வாடகை 19,000, இ.எம்.ஐ. 48,000: இப்போதே வாங்கலாமா, இன்னும் இரண்டு வருடம் பொறுக்கலாமா?

மேடவாக்கத்தான்

இதை மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்துவிட்டேன். நீளமாக இருந்தால் மன்னிக்கவும்.

சென்னை மேடவாக்கத்தில் ஆறு வருடமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு பெட்ரூம், முதல் மாடி. வாடகை 19,000, மெயின்டனன்ஸ் 2,000 தனி. ஹவுஸ் ஓனர் தங்கமான மனிதர். போன வாரம் வந்து காபி குடித்துவிட்டு, "பையன் பெங்களூரை விட்டு இங்கேயே வருகிறான், ஏப்ரல் கடைசியில் காலி பண்ணிக் கொடுத்தால் நல்லது" என்றார். அவர் மேல் வருத்தமில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு வேகிறதோ இல்லையோ, இந்தப் பேச்சு வேகிறது.

இன்னொருத்தர் வீட்டுக்கு மாறுவதற்கு நம் வீட்டுக்கே மாறிவிடலாமே என்கிறார் மனைவி. சாத்தூரிலிருந்து மாமனார் போன் செய்தால் "எலி வளையானாலும் தனி வளை" என்றுதான் ஆரம்பிக்கிறார். ஆபீஸில் பக்கத்து சீட்காரர், விலையெல்லாம் உச்சத்தில் இருக்கிறது, இரண்டு வருடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்கிறார்.

பார்த்து வைத்திருக்கும் ஃபிளாட் பெரும்பாக்கம் பக்கம். 1,020 சதுர அடி, மூன்றாவது மாடி, கார் பார்க்கிங்கோடு சேர்த்து 78 லட்சம். கட்டி முடித்து சி.சி. (கட்டட நிறைவுச் சான்று) வாங்கியாகிவிட்டது, அதனால் ஜி.எஸ்.டி. கிடையாது. வங்கி 60 லட்சம் தருகிறேன் என்கிறது. 7.5 சதவீதம், 20 வருடம், மாதம் 48,300 சொச்சம். கையில் இருப்பு 22 லட்சம். எனக்கு 95,000 கைக்கு வருகிறது, பள்ளி ஆசிரியையான மனைவிக்கு 28,000. ஒரே பெண், ஜூனில் ஒன்றாம் வகுப்பு.

விற்பனைப் பையன் தினமும் கூப்பிடுகிறான். "சார், இந்த மாசத்துக்குள்ள ரெண்டு லட்சம் கட்டி புக் பண்ணிடுங்க, அடுத்த மாசம் சதுர அடிக்கு 200 ஏறுது" என்கிறான். என்ன செய்யலாம்?

கணக்கு_வாத்தியார்

இ.எம்.ஐ.யை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த 22 லட்சத்துக்கு வருவோம்.

விலை 78, கடன் 60, மீதி 18 லட்சம் உங்கள் கையிலிருந்து. புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை முத்திரைத்தாள் 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். அது 5.46 லட்சம். இதற்கு வங்கி கடன் தராது. இரண்டையும் கூட்டினால் 23.46. இப்போதே உங்கள் 22 தாண்டிவிட்டது. வங்கிச் செலவு, வக்கீல், இ.பி., கார்ப்பஸ் ஃபண்ட் (வளாகத்தின் பொது இருப்பு நிதி) என்று ஒன்றரை லட்சம். அலமாரி, கிச்சன், ஃபேன், கொசுவலை, கிரில் என்று குறைத்துப் போட்டாலும் நான்கு.

ஆக 29 லட்சம். பாக்கி 7 லட்சத்துக்கு நகையா, பர்சனல் லோனா, மாமனாரா? எது என்றாலும் சாவி கைக்கு வரும் அன்று உங்கள் சேமிப்பு பூஜ்யம். அந்த நிலையில் மாதம் 48,000 கட்ட ஆரம்பிப்பீர்கள். உங்கள் ஒருவர் சம்பளத்தில் மட்டும் பார்த்தால் அது பாதிக்கு மேல். இப்போது ஐ.டி. வேலை எப்படி இருக்கிறது என்பது எனக்கு முன்னால் உங்களுக்குத்தான் தெரியும்.

மேடவாக்கத்தான்

சார், ரிஜிஸ்ட்ரேஷன் போட்டேன், மற்றதெல்லாம் சேர்க்கவே இல்லை. மாமனார் 5 தருகிறேன் என்றிருக்கிறார். ஆனால் வீட்டுக் கடனுக்கு வரிச்சலுகை உண்டே? வட்டிக்கு 2 லட்சம், அசலுக்கு ஒன்றரை லட்சம். அதில் கொஞ்சம் திரும்பி வருமல்லவா?

கணக்கு_வாத்தியார்

விற்பனைப் பையன் சொன்னானா? அது பழைய வருமான வரி முறையில் மட்டும். புதிய வரி முறையில், நாமே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது, அசலுக்கான 80சி கழிவும் கிடையாது.

வருடச் சம்பளம் 14 லட்சம் என்று வைத்து 2025-26 கணக்கில் போட்டுக் காட்டுகிறேன். பழைய முறை: நிலைக்கழிவு 50,000, வட்டி 2 லட்சம், அசலும் பி.எஃப்.பும் சேர்த்து ஒன்றரை லட்சம். மிச்சம் 10 லட்சத்துக்கு வரி, செஸ் சேர்த்து 1,17,000. புதிய முறை: 75,000 மட்டும் கழித்தால் 81,900. வீடே வாங்காமல் புதிய முறையில் இருப்பவர் உங்களைவிடக் குறைவாகக் கட்டுகிறார். வரிக்காக வீடு வாங்கிய காலம் போய்விட்டது.

மூணாவது_மாடி

வாத்தியார் எப்போதும் பயமுறுத்தத்தான் செய்வார். நான் 2016-ல் வாங்கினேன், இன்றுவரை வருந்தியதில்லை.

தம்பி, வாடகை 19,000-லேயே நிற்குமா? வருடம் 5 சதவீதம் என்று ஏற்றிப் பாருங்கள். 19 வருடத்தில் 48,000 ஆகிவிடும், உங்கள் இ.எம்.ஐ.யே அதுதான். அதற்கு மேல் ஒரு வருடத்தில் உங்கள் இ.எம்.ஐ. முடிந்துவிடும், வாடகைக்கு முடிவே கிடையாது. 56 வயதில் கடன் இல்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பதும், அந்த வயதில் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வீடு தேடுவதும் ஒன்றா?

வீட்டில் தனி வளை என்கிறார்களே, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

நாவலூர்_2014

எலிக்கு இ.எம்.ஐ. இல்லை அண்ணா.

நான் 2014-ல் நாவலூர் தாண்டி ஓ.எம்.ஆரில் 52 லட்சத்துக்கு வாங்கினேன். அப்போதும் இதே "அடுத்த மாசம் ஏறுது" கதைதான். கம்பெனி 2021-ல் புனேவுக்கு மாற்றியது. விற்கப் போனால் 50-க்குக் கேட்டார்கள். சுற்றிலும் விற்காத புது ஃபிளாட் நிற்கும்போது என் ஏழு வருடப் பழைய ஃபிளாட் எவருக்கு வேண்டும்? கொடுத்துவிட்டேன். ரிஜிஸ்ட்ரேஷன், வட்டி, உட்புற வேலை எல்லாம் போனது போனதுதான். அதே ஏழு வருடம் அதே வளாகத்தில் 13,000, 14,000-க்கு வாடகைக்கு இருந்தவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

சென்னையில் நிலம் ஏறும், கட்டடம் தேயும். ஃபிளாட்டில் உங்களுக்குச் சொந்தமான நிலம் யு.டி.எஸ். எனும் பிரிக்கப்படாத நிலப் பங்கு மட்டும். அது எத்தனை சதுர அடி என்று கேட்டீர்களா?

மேடவாக்கத்தான்

கேட்டேன். 410 என்றார்கள்.

நாவலூர்_2014

1,020-க்கு 410. 78 லட்சத்தில் எவ்வளவு மண்ணுக்கு, எவ்வளவு சிமெண்ட்டுக்கு என்று யோசியுங்கள். மடிப்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் இதே அளவு வீட்டுக்கு யு.டி.எஸ். நன்றாகவே கூடுதலாக இருக்கும். லிஃப்ட் இருக்காது, நீச்சல் குளம் இருக்காது. எங்கள் குளத்தில் நான் ஏழு வருடத்தில் நான்கு முறை இறங்கினேன்.

ஃப்ளோட்டிங்_பாவம்

வட்டி இறங்கியிருக்கிறது என்று கணக்குப் போடுபவர்களுக்கு என் கதை. ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 4 சதவீதம் இருந்தபோது, 2021-ல் கடன் வாங்கினேன். எனக்கு 6.7. "இனி இப்படித்தான்" என்று நினைத்தேன். 2022 மே மாதம் ஏற ஆரம்பித்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5. என் வட்டி 9-ஐத் தாண்டியது. வங்கி முதலில் சத்தம் போடாமல் தவணைக் காலத்தை நீட்டியது. பிறகு நான் ரிடையர் ஆன பிறகும் கடன் ஓடும் என்று தெரிந்ததும் இ.எம்.ஐ.யையும் ஏற்றியது. 2025-ல் படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25-க்கு வந்தது, மூச்சு வந்தது.

இறங்கும் என்று காத்திருக்காதீர்கள், இறங்கியது நிற்கும் என்றும் நம்பாதீர்கள். 9.5-க்குப் போனால் 60 லட்சத்துக்கு 56,000 வரும். அதையும் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நல்ல விஷயம்: ஃப்ளோட்டிங் (வட்டி ஏறி இறங்கும்) கடனில் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் அசலில் போடலாம்.

ஆம்பூர்க்காரி

எல்லாரும் ரூபாயிலேயே பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன்.

நாங்கள் முஸ்லிம். 2018-ல் மாம்பலத்திலிருந்து வேளச்சேரி வரை இரண்டு மாதம் வீடு தேடினோம். போனில் எல்லாம் சரியாக இருக்கும். பெயரைச் சொன்னதும் "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்." சிலர் நேராகவே "வெஜ் ஒன்லி" என்றார்கள், அது அதற்கான மரியாதையான பெயர். கடைசியில் கிடைத்த வீட்டில் பக்ரீத் அன்று கறி சமைக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

அதுகூடப் பரவாயில்லை. மூன்றாம் வருடம் என் மாமனார் ஆஸ்பத்திரியில் காலமானார். ஹவுஸ் ஓனர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குள் கொண்டுவராமல் நேராக அங்கேயே எடுத்துக்கொண்டு போய்விட முடியுமா, மற்ற போர்ஷன்காரர்கள் சங்கடப்படுகிறார்கள்" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார், குரலைக் கூட உயர்த்தவில்லை. எட்டு வருடம் எங்களோடு இருந்த மனிதரை ஆம்புலன்ஸை விட்டு இறக்காமல் ஆம்பூருக்கே கொண்டு போனோம். வழியில் வேலூர் தாண்டியும் என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருடமே வாங்கிவிட்டோம். கூடுவாஞ்சேரி பக்கம், 640 சதுர அடி, செகண்ட் ஹேண்ட். ஆபீஸுக்கு ஒன்றேகால் மணி நேரம். வாத்தியாரின் கணக்குப்படி அது தப்பான முடிவாகத்தான் இருக்கும். எனக்கு இதைக் கணக்குப் போடத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா?

கணக்கு_வாத்தியார்

அம்மா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. சின்னத் திருத்தம் மட்டும்: உங்கள் முடிவு என் கணக்கிலும் தப்பு ஆகாது. கையில் இருந்ததற்குள் வாங்கியிருக்கிறீர்கள். நான் எதிர்ப்பது வீட்டை இல்லை, 29 லட்சத்தை.

மேடவாக்கத்தான்

ஆம்பூர்க்கார அக்கா, படித்துவிட்டு மனைவியிடமும் காட்டினேன். அம்மா எங்களோடுதான் இருக்கிறார், 68 வயது. இப்படி ஒரு கோணம் இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. எங்கள் ஓனர் அப்படிச் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் அடுத்த ஓனர்?

மழைக்கோட்டு

பெரும்பாக்கம் என்று பார்த்ததால் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நான் அந்தப் பக்கம் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தேன். கரண்ட் இல்லை, சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது, பாலுக்கு இடுப்பளவு தண்ணீரில் நடந்தோம். மூன்றாம் நாள் படகில் வெளியே வந்தோம். அடுத்த மாதம் ஒரு வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு கீழ்க்கட்டளைக்கு வந்துவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் சொந்தக்காரர், அவரால் வர முடியவில்லை. வாடகைக்காரனுக்கு இருக்கும் ஒரே சொத்து அந்தச் சுதந்திரம்தான்.

மூன்றாவது மாடி என்றால் தண்ணீர் வராது என்று நினைக்காதீர்கள். கார் கீழேதான் நிற்கும். லிஃப்ட் மோட்டார், ஜெனரேட்டர், சம்ப் எல்லாம் கீழேதான். வயதான அம்மா மூன்றாவது மாடியில் நான்கு நாள் மாட்டிக்கொள்வார். அந்தத் தெருவில் பெட்டிக்கடைக்காரரிடம் "2015-ல் எவ்வளவு, 2023-ல் எவ்வளவு" என்று கேளுங்கள், கையை வைத்துக் காட்டுவார். சுவரில் கறை இருக்கிறதா என்று பார்ப்பது பழைய வித்தை, இப்போது பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். மின் மீட்டர் பெட்டி தரையிலிருந்து எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கட்டினவனுக்குத் தண்ணீர் எதுவரை வரும் என்று தெரியும்.

பழைய_எழுத்தர்

முப்பது வருடம் ஆவண எழுத்தராக இருந்து ஓய்ந்தவன். விலை, வட்டி எல்லாம் தம்பிகள் பேசிவிட்டார்கள். நான் காகிதத்தைப் பேசுகிறேன்.

வில்லங்கச் சான்றை விற்பவரிடம் வாங்கிப் படிக்காதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே சர்வே எண்ணைப் போட்டுப் பாருங்கள், காசில்லை. குறைந்தது முப்பது வருடம். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறுந்திருக்கக் கூடாது. பாகப்பிரிவினையில் பெண் பிள்ளைகள் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள், வழக்கு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. பட்டா யார் பெயரில், அந்த சர்வே எண் பழைய கிராமக் கணக்கில் ஏரி, கழுவெளி, மேய்க்கால், புறம்போக்கு என்று எங்காவது வந்திருக்கிறதா என்று வக்கீலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வங்கி கடன் கொடுத்தால் பத்திரம் சுத்தம் என்று அர்த்தமில்லை. வங்கி தன் பணத்துக்குப் பார்க்கிறது, உங்களுக்காக இல்லை.

அப்புறம், பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதுக் கட்டட அனுமதியை நிறுத்தி வைக்கச் சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயம் 2025-ல் உத்தரவிட்டது. உங்கள் கட்டடம் ஏற்கெனவே முடிந்தது, அந்த உத்தரவு புது அனுமதிக்குத்தான். ஆனாலும் அந்த வட்டத்துக்குள் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. நாளைக்கு விற்கும்போது வாங்க வருபவன் அதைத்தான் முதலில் கேட்பான்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் போட்டுத் தேடுங்கள். சாவி வாங்கி ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் கட்டினவர்தான் சரிசெய்து தரவேண்டும், சட்டம் அப்படி. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் டி.டி.எஸ். (விற்பவரின் வருமான வரிக்கான முன்பிடித்தம்) பிடித்து நீங்கள் கட்டவேண்டும். அது கூடுதல் செலவில்லை, விலையிலேயே கழித்துக் கொடுப்பது. மறந்தால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

லக்கி_ஹோம்ஸ்_தாம்பரம்

[விளம்பரமும் போன் நம்பரும் நீக்கப்பட்டன. இது மூன்றாவது முறை. — மட்டுறுத்துநர்]

மேடவாக்கத்தான்

ஐயா, மிக்க நன்றி. ஒரு தப்பு செய்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அந்தப் பையன் நச்சரித்ததில் 50,000 டோக்கன் போட்டுவிட்டேன். ரசீதில் "திருப்பித் தர இயலாது" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். மனைவிக்கு இன்னும் தெரியாது. (இந்த இழையைப் படிப்பார் என்பதால் இந்நேரம் தெரிந்திருக்கும்.)

மூணாவது_மாடி

அடடா.

சரி, 50,000-க்காக 78 லட்சம் வாங்காதீர்கள். நானே சொல்கிறேன்.

சைட்_இன்ஜினியர்

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

நீங்கள் பார்க்கும் வளாகம் கட்டி முடிந்து கொஞ்ச நாள் ஆகிறது என்றால், அதில் நிச்சயம் முதலீட்டுக்கு வாங்கி வாடகைக்கு விடும் ஆட்கள் இருப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள்தான் பாதி. அதே வளாகத்திலேயே ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுங்கள். பதினொரு மாதம் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையையும் மே மாதத் தண்ணீரையும் பார்த்துவிடலாம். மாதிரி ஃபிளாட்டில் ஏ.சி. போட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தால் எங்கள் கட்டடம் எல்லாமே சொர்க்கம்தான். அங்கே குடியிருந்தால்தான் தெரியும், லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு போகிறது, அசோசியேஷன் கைக்கு வந்துவிட்டதா இல்லை இன்னும் பில்டர் கையிலா, மேற்கு சுவர் மழையில் ஊறுகிறதா, எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஓடுகிறதா.

அதைவிட முக்கியம், பக்கத்து வீட்டுக்காரர் அவசரமாக விற்க வேண்டி வந்தால் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். விற்பனை ஆபீஸ் விலைக்கும் அந்த விலைக்கும் வித்தியாசம் பார்த்திருக்கிறேன். ஒன்று, அது மறுவிற்பனை என்பதால் முத்திரைத்தாள் கணக்கு வேறு, 7 சதவீதத்தோடு பதிவு 2 தனி. அதையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

கணக்கு_வாத்தியார்

இது நல்ல யோசனை. இதற்கும் கணக்கு வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் வருடம் சொந்த வீட்டின் உண்மைச் செலவு: வட்டி மட்டும் 4.45 லட்சம், மெயின்டனன்ஸ் 43,000 என்று வையுங்கள். நீங்கள் போட்ட 23.5 லட்சம் டெபாசிட்டில் 6.5 சதவீதத்துக்கு இருந்திருந்தால் வந்திருக்கும் 1.53 லட்சம். மொத்தம் 6.41. வாடகையும் மெயின்டனன்ஸும் 2.52. வித்தியாசம் 3.89 லட்சம். 78 லட்சத்து வீடு வருடம் 5 சதவீதம் ஏறினால் அதற்குச் சரியாகிவிடும். ஐந்தே வருடத்தில் விற்பீர்கள் என்றால் ரிஜிஸ்ட்ரேஷன் செலவைப் பங்குபோட, ஆறரை வரை ஏறவேண்டும். பதினைந்து வருடம் அங்கேயே இருப்பீர்கள் என்றால் இந்தக் கணக்கு மெல்ல மெல்லக் கரைந்து மூணாவது_மாடி சொன்ன பக்கத்துக்குப் போய்விடும்.

அதனால் என் கேள்வி ஒன்றுதான். பத்து வருடத்துக்குக் குறையாமல் அந்தப் பக்கத்திலேயே இருப்பீர்களா?

மேடவாக்கத்தான்

நேர்மையாகச் சொன்னால் தெரியாது. ஆபீஸ் சோழிங்கநல்லூர். மனைவியின் பள்ளியும் பெண்ணின் பள்ளியும் மேடவாக்கம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சோழிங்கநல்லூர் பாதை மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. இருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் "தோன்றுகிறது" என்பதற்கு 20 வருடக் கையெழுத்துப் போடலாமா என்பதுதான்...

ஃப்ளோட்டிங்_பாவம்

மெட்ரோ வரும் என்ற விலை ஏற்கெனவே அந்த 78-க்குள் இருக்கிறது சார்.

மேடவாக்கத்தான்

(ஐந்து வாரம் கழித்து)

தகவல் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். கேட்டுத் தனிமடல் போட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கேயே.

வாங்கவில்லை. அதே வளாகத்தில் துபாயில் இருக்கும் ஒருவரின் ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். 21,000. ஓனருக்காக அவர் மைத்துனர்தான் பேசினார். பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். 2017 வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறதே என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "சட்டத்தில் 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று இருக்கிறது சார், அதையும் படிச்சீங்களா?" என்றார். படித்திருக்கவில்லை. ஐந்தில் முடிந்தது. அக்ரிமெண்ட்டைப் பதிவு செய்தோம். அம்மா உடம்பு பற்றிக் கேட்கவே வாய் வரவில்லை, ஆனால் மனைவி நேராகக் கேட்டுவிட்டார்: "பெரியவர்கள் இருக்கிறார்கள், நாளைக்கு ஏதாவது என்றால் இங்கேதான் வைத்து எடுப்போம், சரியா?" அந்த மனிதர் ஒரு நிமிடம் திகைத்துவிட்டு, "எங்க அக்காவும் அப்படித்தான் சொல்லுவா" என்றார். சரி என்றே எடுத்துக்கொண்டோம்.

டோக்கன் 50,000-க்கு மூன்று முறை நடந்தேன். வக்கீல் நோட்டீஸ் என்றதும் 35,000 வந்தது. மீதி என் படிப்புச் செலவு.

குடிவந்து பதினெட்டு நாள் ஆகிறது. தண்ணீர் லாரிதான், ஆனால் ஒழுங்காக வருகிறது. நாங்கள் வாங்க இருந்த ஃபிளாட்டின் பால்கனிக்கு நேர் கீழேதான் எஸ்.டி.பி. நாங்கள் பார்க்கப் போனதெல்லாம் காலை பதினொரு மணிக்கு. சாயங்காலம் அங்கே நிற்க முடியாது. அடுத்த மாதம் 200 ஏறும் என்ற பையன் நேற்று போன் செய்து 76-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறான்.

மாமனார் வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனார். லிஃப்ட்டில் யாரோ "புதுசா வாங்கிட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டாராம்.

கணக்கு_வாத்தியார்

76-க்குப் போட்டுப் பார்த்தேன். ரிஜிஸ்ட்ரேஷன் 5.32. இன்னும் ஆறு லட்சம் சேருங்கள், கடனை 55-க்குக் கொண்டுவாருங்கள், 44,300-ல் நிற்கும். அதற்குள் மழைக்காலமும் வந்துவிடும்.

மூணாவது_மாடி

வேறு பக்கத்து ஃபிளாட்டாகப் பாருங்கள் தம்பி. கிழக்கு பார்த்தது கிடைத்தால் விடாதீர்கள்.

சைட்_இன்ஜினியர்

எஸ்.டி.பி. நாற்றம் எந்த பிளாக் பக்கம்? காற்றடிக்கும் ப்ளோயரை ஓடாமல் நிறுத்தி வைத்திருப்பார்கள், கரண்ட் பில்லைக் குறைக்க. சரிசெய்யக்கூடியதுதான்.

மேடவாக்கத்தான்

பி பிளாக். ஆறரைக்கு மேல் வந்தால் உங்களுக்கே தெரியும். வந்தால் சொல்லுங்கள், காபி எங்கள் வீட்டில்.